படகின் முதுகெலும்பு!

மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, படகுக்கு "ஏரா" அப்படி! படகின் அடியில், முன்முனை முதல் பின்முனை வரை ஓடும் நீண்ட கட்டைதான் ஏரா. பக்கத்தில் இருந்து காற்று தள்ளினாலும், பாய்மரப் படகு விலகி ஓடாமல் அது தடுக்கும்.

ஏரா இல்லாத கட்டுமரம்

ராயபுரம், திருவொற்றியூர் மீனவர்கள் ஓட்டிய கட்டுமரத்துக்கு ஏரா கிடையாது. அலை மோதும் மணல் கரையில் ஏரா தரை தட்டும், படகு கவிழ்ந்துவிடும். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்த மரத்தில் கப்பல் புழு பிழைக்காது!

பிறகு சென்னையில் துறைமுகம் வந்தது. அலை அடங்கிய நீரில், ஏரா வைத்த படகுகளை நிறுத்த முடிந்தது. துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், 1911-ம் ஆண்டு இங்கே பாய்மரப் படகுச் சங்கம் தொடங்கினார். அதுதான் "ராயல் மெட்ராஸ் யாட் கிளப்".

ஆனால், தண்ணீரிலேயே கிடக்கும் மரப் படகு தினமும் வெயிலில் காய முடியுமா? அங்கேதான் ஆபத்து!

புழு அல்ல, சிப்பி!

கப்பல் புழு உண்மையில் சிப்பி இனம். குண்டூசித் தலை அளவு துளை போட்டு மரத்துக்குள் நுழையும். உள்ளேயே தின்று வளரும். வெளியே மரம் நன்றாக இருக்கும். உள்ளே சல்லடை ஆகிவிடும்!

கொலம்பஸ் கூடத் தப்பவில்லை. புழு அரித்த இரண்டு கப்பல்களை 1503-ல் ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு, ஓர் ஆண்டு அங்கே தவித்தார்.

சோதிப்பது எப்படி?

பழைய படகைக் கரையேற்றி, இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஏராவில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். பிறகு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் "கிண்" என்று ஒலிக்கும். கெட்ட மரம் "பொத்" என்னும். சந்தேகமான இடத்தில் கூரிய ஊசியால் குத்தினால், உளுத்த மரத்தில் அது சுலபமாக இறங்கும்.

பல படகுகளில் ஏராவுக்குக் கீழே ஈயம் அல்லது இரும்புக் கட்டி தொங்கும். அதைத் தாங்குபவை போல்ட்டுகள். துரு வடிந்த கறை தெரிந்தால், ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரு முனையும் தடித்திருக்க, நடுப்பகுதி மட்டும் இளைத்திருக்கலாம். கடலில் அது அறுந்தால், படகு கவிழும்!

ஏராவின் அடியில் தனிப் பலகை ஒன்றை அடிப்பதும் உண்டு. புழு அந்தப் பலகையைத் தின்னும், ஏரா பிழைக்கும். பலகை போனால் மாற்றிவிடலாம்.

மேலே பூசிய வண்ணம் கண்ணுக்கு அழகு. உயிரைக் காப்பது, கண்ணுக்குத் தெரியாத ஏராதான்!