உங்களுக்குத் தெரியுமா? நாலு பேருக்கு ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

வீட்டில் இருப்பதோ நாலு பேர். சினிமாவில் காட்டும் கிறிஸ்துமஸ் மேசையில் இருப்பதோ ஊர்ச் சாப்பாடு. எதைச் சமைப்பது, எதை விடுவது? உலகின் சில மேசைகளை எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

★

எலும்போடு எடை போட்டால் ஆளுக்கு ஏறக்குறைய அரை கிலோ. வான்கோழி வாங்குவதற்கு மேலைநாட்டுச் சமையல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. 6 கிலோ பறவை 12 பேருக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டில் அதை வாங்கினால் புத்தாண்டு வரை சாண்ட்விச்தான். உறைந்த பறவை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. பிரிட்ஜுக்குள் வைத்து இளகவிட இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். 6 கிலோவுக்கு மூன்று நாள். 22ஆம் தேதி ஃப்ரீசரிலிருந்து எடுக்க மறந்தவர், 25ஆம் தேதி வேறு ஏதாவது சமைப்பது நல்லது. அவசரத்துக்குச் சமையல் மேடையில் வைத்து இளக்கக் கூடாது. நடுவில் பனி உருகுவதற்குள் மேல்தோலில் கிருமி பெருகிவிடும்.

வான்கோழி இல்லாமல் பண்டிகையே இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கால், சிறகெல்லாம் நீக்கி, மார்புப் பகுதியை மட்டும் எலும்போடு விற்கிறார்கள். பிரிட்டன் கடைகளில் அதன் பெயர் டர்க்கி கிரவுன். சீக்கிரம் வேகும், மிச்சமும் குறைவு. முழுசோ பாதியோ, கறியின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

★

ரயில் வருவதற்கு முன் லண்டன்காரர்களின் வான்கோழி நடந்தே வந்தது! 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ, 1720களில் வெளியிட்ட தம் பயண நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரே பருவத்தில் 300 மந்தைகள் ஸ்டவர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து லண்டனை நோக்கிப் போனதாகவும், ஒவ்வொரு மந்தையிலும் 300 முதல் 1,000 வரை வான்கோழிகள் இருந்ததாகவும் அந்த ஊர்க்காரர்கள் அவருக்குக் கணக்குச் சொன்னார்களாம். கூஸ் எனப்படும் பெருவாத்துகளும் இப்படித்தான் வந்தன. அறுவடை முடிகிற ஆகஸ்டில் கிளப்பிவிட்டால் வழிநெடுக வயலில் சிந்திக் கிடக்கும் தானியமே தீவனம். ஓட்டி வருபவருக்குத் தீனிச் செலவு மிச்சம்.

★

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843ல் வந்தது. அதில் ஏழை குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீட்டில் எட்டுப் பேர். விருந்துக்கு ஒரே ஒரு பெருவாத்து. ஆப்பிள் சாஸையும் மசித்த உருளைக்கிழங்கையும் கூட்டித்தான் எட்டு வயிற்றுக்கும் ஈடுகட்டுகிறார்கள். அந்தப் பெருவாத்து வெந்தது அவர்கள் வீட்டில் அல்ல, பேக்கரி அடுப்பில். அன்றைய ஏழை வீடுகளில் கணப்பு உண்டு, 'அவன்' எனும் மூடிய அடுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் ரொட்டி சுடக் கூடாது என்று பேக்கரிகளுக்குத் தடை இருந்ததால், சில பென்ஸ் வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரின் கறியை அந்த அடுப்பில் வாட்டிக் கொடுத்தார்கள். புட்டிங் கதை இன்னும் சுவாரஸ்யம். துணி வெளுக்கும் செப்புக் கொப்பரைதான் அதற்கு இட்லிப் பானை. கதை முடிவில் பாப்பின் முதலாளியான கஞ்சன் ஸ்க்ரூஜ் மனம் திருந்தி அனுப்புவது பெரிய வான்கோழி. அன்று பெருவாத்து ஏழைக்கு, வான்கோழி காசுள்ளவனுக்கு. இன்றோ பிரிட்டன் கடைகளில் விலை நேர்மாறு. பெருவாத்துதான் எட்டாக்கனி.

சின்னக் குடும்பத்துக்குப் பெருவாத்து நல்ல தேர்வுதான். 5 கிலோ பறவையில் கறி ஆறு பேருக்கு மேல் தேறாது. மிச்சமெல்லாம் எலும்பும் கொழுப்பும். உருகி வழியும் அந்தக் கொழுப்பைப் பாட்டிலில் ஊற்றி வைத்து, மாதக்கணக்கில் உருளைக்கிழங்கு வறுப்பார்கள்.

★

பண்டிகைச் சீட்டு நம் ஊர்த் தீபாவளிக்கு மட்டும் உரியதல்ல. விக்டோரியா காலத்து லண்டனில் வாராவாரம் சில பென்ஸ் கட்டினால் டிசம்பரில் ஒரு பெருவாத்து கிடைக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் 'நீல மாணிக்கம்' கதையே (1892) அப்படிச் சீட்டுப் போட்டு வாங்கிய பெருவாத்தில்தான் தொடங்குகிறது.

★

ஆளுக்கொரு கோழி! அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 'ராக் கார்னிஷ் கேம் ஹென்' ஒரு கிலோகூட இருக்காது. ஒருவருக்கு ஒன்று, சாப்பாடு குறைவாக எடுப்பவர் என்றால் இருவருக்கு ஒன்று. பெயரைப் பார்த்து வேட்டைப் பறவை என்று நினைக்க வேண்டாம். சாதாரண இளங்கோழிதான், பெட்டையாக இருக்க வேண்டும் என்றுகூட விதியில்லை. 1950களில் கனெக்டிகட் மாநிலத்தில் மகௌஸ்கி தம்பதி உருவாக்கிய கலப்பினம் இது. இதை ஊரறியச் செய்தவர் டென்மார்க்கில் பிறந்த நகைச்சுவைப் பியானோக் கலைஞர் விக்டர் போர்கே. பண்ணை வைத்து வளர்த்து விற்றார். மேசையில் யாருக்குக் கால், யாருக்கு நெஞ்சு என்ற சண்டைக்கே இடமில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

★

செக் குடியரசில் 24ஆம் தேதி இரவு மேசையில் கெண்டை மீன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தெரு முனைகளில் பெரிய தொட்டிகளை வைத்து உயிரோடு விற்பார்கள். வாங்கியவர்கள் அதை வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்தவிடுவது பழைய வழக்கம். குழந்தைகள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு வெட்டுவது யார்? அழுகைக்கு அஞ்சி ஆற்றில் விட்டுவிட்டு வந்த அப்பாக்களும் உண்டு.

வெட்டிவிட்டால் ஒன்றும் வீணாவதில்லை. துண்டுகளை மாவு, முட்டை, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கு சாலட்டோடு பரிமாறுவார்கள். தலையும் சினையும் சூப்புக்கு. செதில் ஒன்று பர்ஸுக்குள் போகும், ஆண்டு முழுக்கக் காசு தங்குமாம். கடல் இல்லாத நாட்டில் இவ்வளவு மீன் எப்படி? குளம் வெட்டினார்கள். தெற்கே திரெபோன் பகுதியில் இருக்கும் ரோஷம்பெர்க் ஏரி 1584 முதல் 1590 வரை வெட்டப்பட்டது. இன்றும் அங்கே கெண்டை பிடிக்கிறார்கள்.

இதே கெண்டையின் ஒரு வகை 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரி நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே செக் விருந்தை நம் ஊர் மீன் சந்தையிலேயே தொடங்கலாம்.

★

போலந்தில் 12 வகை, ஒன்றில்கூட இறைச்சி இல்லை. 12 அப்போஸ்தலர்களுக்காக இந்தக் கணக்கு என்பார்கள். பீட்ரூட் சூப், ஹெர்ரிங் மீன், கொழுக்கட்டை போன்ற பியரோகி, உலர்ந்த பழங்களைக் கொதிக்கவைத்த கம்போட் எல்லாம் இதில் அடங்கும். வானில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை யாரும் உட்காருவதில்லை. எதிர்பாராத விருந்தாளிக்கென ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். ஆக, நாலு பேர் வீட்டில் எப்போதும் ஐந்து தட்டு. 12 வகை என்றதும் மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஆளுக்கு ஒரு கரண்டிதான்.

★

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. கிறிஸ்துமஸ் அங்கே விடுமுறையும் இல்லை. ஆனாலும் 24ஆம் தேதி மாலை கேஎஃப்சி வாசலில் வரிசை நிற்கும். 1974ல் அந்நிறுவனம் நாடு முழுக்கச் செய்த விளம்பரத்தின் விளைவு இது. வான்கோழி அங்கே எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் அதை நுழைக்கும் அளவுக்குப் பெரிய அவன் பெரும்பாலான வீடுகளில் இல்லை. இப்போது வாரக்கணக்கில் முன்பதிவு செய்து வாளி நிறைய வறுத்த கோழி வாங்குகிறார்கள். கூடவே வெள்ளை க்ரீமும் ஸ்ட்ராபெர்ரியும் வைத்த கேக். சமைக்காமலே விருந்து! பாத்திரம் கழுவுகிறவர் தீர்ப்புச் சொன்னால் உலகின் சிறந்த கிறிஸ்துமஸ் மெனு இதுதான்.

★

எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் 43 நாள் நோன்பு. கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. நோன்பை முடித்து வைப்பது டோரோ வாட் என்ற கோழிக் குழம்பு. ஒரு கோழியை 12 துண்டாக வெட்டுவது மரபு. எலுமிச்சைச் சாறு விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். வெங்காயத்தைக் குவியலாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வெறும் பாத்திரத்திலேயே நெடுநேரம் கிண்டிச் சுருள வைத்த பிறகுதான் மசாலாப் போட்ட நெய்யும், பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடியும் சேரும். கடைசியில் அவித்த முட்டைகளை முழுசாகப் போடுவார்கள். டெஃப் என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சேராவை விரித்து, அதன்மேல் குழம்பை ஊற்றி, குடும்பமே ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் பிட்டுச் சாப்பிடும். தோசையும் கோழிக் குழம்பும் பழகிய நமக்கு இந்த மேசையில் அந்நியம் தோன்றாது. கோழி ஒன்று, முட்டை நாலு. நாலு பேர் வயிறார உண்ணலாம்.

★

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கொளுத்தும் கோடை. அடுப்பை மூட்டுவானேன் என்று குளிர்ந்த இறால் சாப்பிடுகிறார்கள். சிட்னி மீன் சந்தை 23ஆம் தேதி அதிகாலை முதல் 24ஆம் தேதி மாலை வரை 36 மணி நேரம் தொடர்ந்து திறந்திருப்பது வழக்கம்.

★

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உணவுக்குப் பங்கீடு. 1940 ஜனவரியில் பதப்படுத்திய பன்றிக்கறி (பேக்கன்), வெண்ணெய், சர்க்கரையில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முழுதும் முடிந்தது. கோழி வகைகளுக்குப் பங்கீடு இல்லை, ஆனால் கடையில் சரக்கே இல்லை. அப்போது பிறந்ததுதான் 'போலிப் பெருவாத்து'. உருளைக்கிழங்கு, புளிப்பு ஆப்பிள், சீஸ் மூன்றையும் அடுக்கடுக்காக வைத்து, சேஜ் இலை தூவி அவனில் வேகவைப்பார்கள். பெருவாத்தின் ருசி வருமா என்று கேட்காதீர்கள். சைவக்காரர் ஒருவர் மேசையில் இருந்தால் அவருக்கு இதைச் செய்து கொடுக்கலாம், நன்றாகவே இருக்கும்.

★

கிறிஸ்துமஸ் அன்று உலர்பழம் அடைத்த 'மின்ஸ் பை' தின்பது இங்கிலாந்தில் இன்றும் சட்டவிரோதம் என்று ஒரு செய்தி சுற்றும். கட்டுக்கதை. 1647ல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கே தடை போட்டது உண்மை. மன்னராட்சி திரும்பியதும் அந்தச் சட்டமும் போயிற்று.

★

1927ல் பிரிட்டனின் பேரரசு வணிக வாரியம், அரண்மனைச் சமையல்காரர் ஆன்ட்ரே செடாரின் புட்டிங் செய்முறையைப் பரப்பியது. எந்தப் பொருள் எந்தக் காலனியிலிருந்து என்று பட்டியலே உண்டு. உலர்திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு சான்சிபார், பட்டை இந்தியா அல்லது இலங்கை. புட்டிங்கில் ஏகாதிபத்தியம்!

நம் பக்கத்துக் கேக்குக்கும் கதை உண்டு. 1883ல் தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி தந்த இங்கிலாந்துக் கேக்கை ருசித்துப் பார்த்து, உள்ளூர்ச் சாராயம் சேர்த்து அதேபோல் செய்து காட்டியதாகச் சொல்வார்கள். இலங்கையிலோ கிறிஸ்துமஸ் கேக்கில் ரவையும் முந்திரியும் முன்னே நிற்கும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். நாலு பேர் வீட்டில் இரண்டு கிலோ கேக் செய்ய நல்ல சாக்கு.

★

வான்கோழி தின்றால் தூக்கம் வரும், அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது என்பார்கள். கோழியிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. தூக்கத்துக்குக் காரணம் மூன்றாம் முறை போட்டுக்கொண்டதுதான்.

★

மிச்சத்தையும் சேர்த்தே திட்டமிடுபவர்கள் போர்ச்சுகீசியர்கள். 24ஆம் தேதி இரவு உப்புக் காட் மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், முட்டை எல்லாம் அவித்துச் சாப்பிடுவார்கள். மீந்ததை மறுநாள் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்டு வதக்கினால் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு தயார். வேண்டுமென்றே கூடுதலாக அவிக்கும் வீடுகளும் உண்டு.

நீங்கள் எதைச் சமைத்தாலும் சரி, மீந்த கறியையும் மீனையும் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று, நாலு நாளுக்குள் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். அதற்கு மேலும் இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.