உங்களுக்குத் தெரியுமா? மெஹ்ரௌலி ஸ்பெஷல்!

குதுப் மினாரைத் தெரியாதவர் உண்டா? ஆனால் அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலர் முழிப்பார்கள்! தெற்கு டெல்லியில் இருக்கும் மெஹ்ரௌலி! சின்ன ஊர்தான். ஆனால் டெல்லியின் பழைய ஏழு நகரங்களில் மூத்தது இதுதான்!

11ஆம் நூற்றாண்டில் தோமர் வம்சத்து அனங்கபாலன் இங்கே லால் கோட் என்ற கோட்டையை எழுப்பினான். ஷாஜகான் தன் செங்கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, இந்தக் கோட்டைக்கு வயது 500க்கும் மேல்!

ஊர் இருப்பது பாறை மேட்டில். ராஜஸ்தானிலிருந்து ஓடிவரும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பகுதி இது. இமயமலை எழத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆரவல்லிக்கோ 100 கோடிக்கும் மேல்!

குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர். நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் கிட்டத்தட்ட 72 மீட்டர். ஏறக்குறைய சரிசமம்! மினார் இந்த உயரத்தைத் தொட்டது 14ஆம் நூற்றாண்டில். ராஜகோபுரம் தொட்டது 1987இல்!

1368இல் மினார்மேல் இடி விழுந்தது. மேல்மாடி போச்சு! பிரோஸ் ஷா துக்ளக் விடவில்லை. போன ஒரு மாடிக்குப் பதிலாக இரண்டு மாடி கட்டினார். அதனால்தான் இன்று மினாருக்கு ஐந்து அடுக்கு. இதைவிடப் பெரிய ஆச்சரியம் கேளுங்கள். அந்தப் பழுதுவேலையைப் பார்த்த சிற்பிகள், விசுவகர்மாவின் அருளால் வேலை முடிந்தது என்று நாகரி எழுத்தில் சுல்தானின் கோபுரத்திலேயே செதுக்கிவைத்தார்கள்!

1803இல் நிலநடுக்கம். உச்சி மண்டபம் விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி 1828இல் வங்காளப் பாணியில் ஒரு மண்டபம் செய்து உச்சியில் வைத்தார். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1848இல் கீழே இறக்கிவிட்டார்கள். இன்றும் அது புல்வெளியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை போனால் தேடிப் பாருங்கள்!

உள்ளே 379 படிகள். இப்போது ஒன்றில்கூட நீங்கள் கால்வைக்க முடியாது. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்றோடு மேலே ஏறுவது நின்றது.

பக்கத்திலேயே ஒரு மொட்டைக் கோபுரம் நிற்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அலாய் மினார்! குதுப் மினாரைப்போல இரண்டு மடங்கு உயரம் வேண்டும் என்று அலாவுதீன் கில்ஜி ஆசைப்பட்டார். 1316இல் அவர் இறந்தார். கோபுரம் 24.5 மீட்டரோடு நின்றுவிட்டது!

அதே அலாவுதீன் கட்டிய அழகான வாசல் அலாய் தர்வாசா. ஆண்டு 1311. எங்கேயோ கேட்ட ஆண்டாக இருக்கிறதா? அவருடைய தளபதி மாலிக் காபூர் மதுரைமேல் படையெடுத்து வந்ததும் அதே 1311தான்!

மதுரைத் தொடர்பு இன்னும் முடியவில்லை. மெஹ்ரௌலியின் மசூதியையும் குளத்தையும் பற்றி எழுதிவைத்த மொராக்கோ பயணி இபின் பதூதா, டெல்லியில் காஜியாக இருந்தவர். இங்கே அவர் மணந்த பெண்ணின் பெயர் ஹூர்நசப். அப்பா யார் தெரியுமா? மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுதீன் அஹ்சன் கான்! பின்னாளில் இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து பதூதா தமிழகக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுதீன் அவருக்கு யார்? சொந்தச் சகலை!

அந்தக் குளம் ஹவுஸ்-இ-ஷம்சி. வெட்டியவர் சுல்தான் இல்துத்மிஷ். கனவில் நபிகள் நாயகம் வந்து இடத்தைக் காட்டினார் என்பது ஊர்நம்பிக்கை. சுமார் 800 ஆண்டாகியும் குளம் அங்கேயே இருக்கிறது!

ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக் கட்டும் அசல் வளைவு இந்தியாவில் எங்கே முதலில் வந்தது? 1287இல் இறந்த சுல்தான் பால்பனின் கல்லறையில் என்பார்கள் கட்டடக்கலை அறிஞர்கள். அதுவும் மெஹ்ரௌலியில்தான்! அந்தக் கல்லறை இருக்கும் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவின் பரப்பு சுமார் 200 ஏக்கர். உள்ளே 100க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள்!

அக்பரின் செவிலித்தாய் மாஹம் அங்காவின் மகன் ஆதம் கான். அரசவையில் ஒரு மந்திரியைக் கொன்றுவிட்டார். அக்பர் அவரை ஆக்ரா கோட்டை மாடத்திலிருந்து தள்ளச் சொன்னார். உயிர் போகவில்லை. மறுபடி தூக்கிவந்து இன்னொரு முறை தள்ளினார்கள்! அவர் கல்லறை மெஹ்ரௌலி பேருந்து நிலையத்துக்கு எதிரே. அவருடைய சகோதரர் குலி கானின் கல்லறையும் இதே ஊரில்தான். அதை வாங்கித் தன் ஓய்வு மாளிகையாக மாற்றிக்கொண்டார் ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மெட்காஃப். பிணம் புதைத்த மண்டபம் அவருக்குச் சாப்பாட்டுக் கூடம்!

கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் தனக்கான கல்லறையிடத்தை இங்கேதான் ஒதுக்கிவைத்திருந்தார். அவரை ஆங்கிலேயர் ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1862இல் அங்கேயே அடக்கம். மெஹ்ரௌலியில் அந்த இடம் இன்னும் காலி!

இங்கே ஒரு பூத்திருவிழா உண்டு. பெயர் பூல்வாலோன் கி சைர். ஒரே விழாவில் யோகமாயா கோயிலுக்கும் பூ விசிறி போகும், குதுபுதீன் பக்தியார் காக்கி தர்காவுக்கும் பூ போகும்! 1942இல் ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். நேரு முயன்று 1962இல் மறுபடி தொடங்கிவைத்தார்!

காந்தியின் கடைசி உண்ணாவிரதம் 1948 ஜனவரியில். அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மெஹ்ரௌலி தர்கா உரூஸ் வழக்கம்போல நடக்க வேண்டும் என்பது. நடந்தது! 27ஆம் தேதி காந்தியே வந்தார். 30ஆம் தேதி அவர் இல்லை.

குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூணைச் சொல்லாமல் விடுவேனா? உயரம் 7.21 மீட்டர். எடை 6 டன்னுக்கும் மேல். சந்திரன் என்ற அரசனைப் புகழும் குப்தர் காலத்துச் சம்ஸ்கிருத வரிகள், கல்வெட்டுபோல இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் கட்டிப்பிடித்ததால், 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்!

இத்தனை மழையிலும் ஏன் துருப்பிடிக்கவில்லை? கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் துருவித் துருவி ஆராய்ந்தார். இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதன் உதவியால் உருவான மெல்லிய கவசப் படலம் தூணைப் போர்த்தியிருக்கிறது. 1,600 ஆண்டுகளில் அந்தப் படலம் வளர்ந்த தடிமன் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் 20இல் ஒரு பங்கு!