உங்களுக்குத் தெரியுமா? வடித்த ஆயில் வீணான ஆயில் அல்ல

காரில் ஒரே ஒரு தடவை மாற்றிய பழைய ஆயில், சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடக்கூடும். 50 பேருக்கு ஓராண்டுக்குப் போதுமான தண்ணீர் அது! இது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு.

• என்ஜின் ஆயிலின் அடிப்படை எண்ணெய் தேய்ந்து தீர்வதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். சுத்திகரித்தால் மறுபடி என்ஜினுக்கே போகும். 3.8 லிட்டர் பழைய ஆயிலில் சுமார் 2.4 லிட்டர் புது மசகு எண்ணெய் கிடைக்கும். அதே அளவைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க 159 லிட்டர் வேண்டும்.

• இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயிலின் மறுசுழற்சிக்கு ஆயில் தயாரிப்பாளர்களும் பொறுப்பு.

• பழைய ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்காலில் பூசுவது, புழுதி அடங்க வாசலில் ஊற்றுவது: இரண்டுமே வேண்டாம், தயவுசெய்து. அதிலுள்ள ஈயம் போன்ற உலோகங்கள் மழையோடு மண்ணில் இறங்கும். கிணறு அதிக தூரத்தில் இல்லை.

• வடித்த ஆயில் ஆறியதும், புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பெட்ரோலோ கூலன்டோ கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்பு கடினம். பழைய ஃபில்டரையும் மறக்காதீர்கள். அதற்குள்ளும் ஆயில் தங்கியிருக்கும்.