வேகம் மிகைத்த கணினியின் பிழையறிதல்

பொறிகள் பழுதுறும் வகை இரண்டு. ஓடிக்கொண்டிருந்த பொறி நின்றுவிடுதல் ஒன்று. நில்லாமலே பிழையாக ஓடுதல் மற்றொன்று. நின்றுபோன நீரிறைக்கும் பொறியின் பழுதை எவரும் அக்கணமே அறிவர். ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் மணிக்கூட்டின் பழுதையோ, அதனை நம்பிப் புகையிரதத்தைத் தவறவிட்ட பின்னரே அறிவர். தயாரித்தோர் விதித்த அளவுக்கு மேலான வேகத்தில் ஓட்டப்படும் மேசைக் கணினி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே பழுதுறுகின்றது. அதன் நோயைக் கண்டறிதல் கடினமாவதும் இதனாலேயே.

கணினியின் மூளை எனத் தகும் முறைவழியாக்கி, ஒரு படிகத்திலிருந்து பிறக்கும் துடிப்பைத் தாளமாகக் கொண்டு இயங்குவது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், அதனுள் அடங்கிய திரான்சிற்றர்கள் தத்தம் நிலையை மாற்றிக்கொண்டு அமைதியுற்றிருத்தல் வேண்டும். துடிப்பை விரைவுபடுத்தினால் வேலை விரைவில் முடியும். ஆனால் அமைதியுறுவதற்குக் கிடைக்கும் அவகாசம் குறுகும். கடைசித் திரான்சிற்றர் மாறி முடியுமுன் அடுத்த துடிப்பு வந்துவிடுமாயின், 1 நிற்கவேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஓவர்குளொக்கிங்’ என வழங்கும் மிகைவேகத்தின் பயனும் கேடும் இவ்வளவில் அடங்கும்.

இவ்வாறு வேகத்தைக் கூட்ட இடமிருப்பது எவ்வாறு? கடும் வெப்பத்திலும், மின்னழுத்தம் தளர்ந்த வேளையிலும், பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பின்னரும் பிழையின்றி ஓடவேண்டும் என்பதற்காகத் தயாரிப்போர் ஓர் இடைவெளி விட்டே வேகத்தை விதிக்கின்றனர். அன்றியும், ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் முறைவழியாக்கிகள் யாவும் ஒரே திறனுடையன அல்ல. திறன் மிக்கவையும் சில வேளை சந்தையின் தேவை கருதிக் குறைந்த வேகப் பெயருடன் விற்கப்படும். மிகைவேகம் விரும்புவோர் தேடுவது அந்த இடைவெளியையே.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1998ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ‘செலரொன் 300ஏ’ என்னும் மலிவான முறைவழியாக்கி. தாய்ப்பலகையின் பாட்டை 66 மெகாஹேட்ஸ் வேகத்தில் துடிக்க, முறைவழியாக்கி அதனை நாலரையால் பெருக்கி 300 மெகாஹேட்ஸில் ஓடும். நாலரை என்னும் பெருக்கெண் மாற்றமுடியாதவாறு பூட்டப்பட்டிருந்தது. ஆகவே பயனாளர்கள் பெருக்கெண்ணை விடுத்துப் பாட்டையின் வேகத்தையே 100க்கு உயர்த்தினர். முறைவழியாக்கி 450இல் ஓடியது. அவற்றுட் பல அவ்வேகத்தைத் தடையின்றித் தாங்கின. விலைமிக்க பென்ரியம் 2 வகையின் வேகம் ஏழை உறவினர்க்கும் வாய்த்தது எனலாம்.

ஆயினும் எல்லா 300ஏயும் 450ஐ எட்டவில்லை. எட்டாதவற்றை வைத்திருந்தோர் நடுவழியாக 83 மெகாஹேட்ஸைத் தெரிந்தனர். 83ஐ நாலரையால் பெருக்க ஏறத்தாழ 374 வரும். 450இலும் குறைந்த வேகமாதலின் பாதுகாப்பானது என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறு. வன்தட்டு முதலிய கருவிகளை இணைக்கும் பிசிஐ என்னும் பாட்டை 33 மெகாஹேட்ஸுக்கென வகுக்கப்பட்டது. தாய்ப்பலகை, 66இல் பாதியை எடுத்து அந்த 33ஐக் கொடுக்கும். 100இல் மூன்றிலொன்றை எடுத்து அதே 33ஐக் கொடுக்கும். 83இலோ பல தாய்ப்பலகைகள் பாதியையே எடுத்தன. பிசிஐ பாட்டை 41ஐத் தாண்டியது. முறைவழியாக்கி கணக்கைச் சரியாகவே போட, வன்தட்டுக்குச் செல்லும் வழியில் எழுத்துகள் சிதைந்தன. கோப்புகள் பழுதுற்றதைக் கண்ட உரிமையாளர் வன்தட்டைக் குறைகூறினார். குறைந்த வேகமே ஆபத்து மிகுந்த வேகமாயிற்று.

நோய் ஓரிடம், வலி வேறிடம் என்னும் இந்நிலை இன்றைய கணினிகளிலும் மாறவில்லை. இன்று பெருக்கெண் பூட்டப்படாத முறைவழியாக்கிகள் தனியே விற்கப்படுகின்றன. பாட்டையைத் தொடவேண்டிய தேவை அரிது. ஆனால் வேகத்துடன் மின்னழுத்தமும், மின்னழுத்தத்துடன் வெப்பமும் பிணைந்தே நிற்கின்றன. மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் திரான்சிற்றர்கள் விரைந்து மாறும். ஆகவே வேகத்தைக் கூட்டுவோர் மின்னழுத்தத்தையும் கூட்டுவர். செலவாகும் வலுவோ வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறுவது. இரண்டையும் பத்துப் பத்து வீதம் உயர்த்தினால் வலு ஏறத்தாழ 33 வீதம் கூடிவிடும். அவ்வளவும் வெப்பமாகவே வெளிப்படும். வெப்பம் ஏறிய சிலிக்கன் கசிவு மின்னோட்டத்தால் மேலும் வெப்பமுறும். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் 20 பாகை அறையில் எடுத்த அளவீட்டை, 30 பாகை வெப்பமுள்ள அறையில் அப்படியே எதிர்பார்ப்பது வீண் ஆசை. அறை ஏறிய அளவுக்கு முறைவழியாக்கியும் ஏறும்.

பிழையின் குறிகளுள் எளிதானது, கணினி எழும்பவே மறுத்தல். திரை கறுத்திருக்கும், விசிறி மட்டும் சுழலும். இது அஞ்சத்தக்கதாகத் தோன்றினும் தீர்க்க எளிது. மின்னிணைப்பை முற்றாக நீக்கி, தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றிவைத்தால், அல்லது அதற்கென அமைந்த இரு முனைகளைத் தொடுத்தால், அமைப்புகள் யாவும் தயாரிப்போர் விதித்த நிலைக்கு மீளும். ஒரு சிறு எச்சரிக்கை இங்குப் பொருந்தும்: டிடிஆர்5 வகை நினைவகம் பூண்ட கணினி, அமைப்பு மாறிய பின் முதன்முறை எழும்புகையில் நினைவகத்தை இசைவுபடுத்தச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. பொறுமையிழந்து மின்னை நிறுத்துவோர், சாகாத கணினியைச் செத்ததாகக் கருதிவிடுகின்றனர்.

கடும் வேலையின்போது விழும் கணினி பெரும்பாலும் வெப்பத்தையோ மின்னழுத்தக் குறைவையோ சுட்டுகின்றது. இரண்டையும் பிரித்தறிய வெப்பநிலையை நோக்கவேண்டும். பல முறைவழியாக்கிகள் 100 பாகை செல்சியஸை அண்மிக்கையில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வன. ஆகவே வெப்பம் மிகுந்த கணினி விழாமல் மந்தமாகலாம். வேகத்தைக் கூட்டியவர் முன்னிலும் மெதுவான கணினியைப் பெற்றதும் உண்டு. வெப்பம் அடக்கமாக இருந்தும் கணினி விழுமாயின் மின்னழுத்தம் போதவில்லை, அல்லது வேகம் மிகையாயிற்று என்று கொள்ளலாம். கடும் வேலையில் உறுதியாக நின்று, சும்மா இருக்கையில் விழும் கணினியும் உண்டு. ஓய்வு வேளையில் முறைவழியாக்கி தன் மின்னழுத்தத்தைத் தாழ்த்துவதால், மின்னழுத்தம் ஏற்கெனவே அளவுமீறிக் குறைக்கப்பட்டிருப்பின் அங்கே கால் இடறும்.

நினைவகத்தின் பிழை இவற்றிலும் வஞ்சகமானது. நினைவகத்தின் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை ஒரு தெரிவால் இயக்கிவிடுவதை மிகைவேகம் என்று பலரும் எண்ணுவதில்லை. ஆனால் அத்தெரிவு பெரும்பாலும் முறைவழியாக்கியைத் தயாரித்தோர் உறுதியளித்த அளவைக் கடந்தது. அங்கே ஒரு துளி மாறினால் கணினி விழவேண்டும் என்பதில்லை. மாறியது ஒரு படத்தின் புள்ளியாயின் எவரும் காணார். ஒரு கணக்கேட்டின் எண்ணாயின், அப்பிழை வன்தட்டில் எழுதப்பட்டு, பின்னர் எடுக்கப்படும் பிரதிகளிலும் குடியேறிவிடும்.

கண்ணுக்குத் தோன்றாத பிழையைக் காண்பது எங்ஙனம்? விடை முன்னரே தெரிந்த கணக்கைக் கணினியிடம் கொடுத்துச் சரிபார்ப்பதே இதற்கு வழி. மிகைவேகம் விரும்புவோர் மிகுதியாகப் பயன்படுத்தும் ‘பிரைம்95’ என்னும் செய்நிரல் இதற்கெனப் பிறந்ததன்று. ஜோர்ஜ் வோல்ற்மன் 1996ஆம் ஆண்டில் தொடக்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியின் கருவி அது. பல நாள் ஓடும் ஒரே கணக்கில் ஓரிடம் பிழைத்தாலும் முழு உழைப்பும் வீணாகும் ஆதலால், பிழையைக் கண்டுகொள்ளும் வழிகள் அதனுள் அமைக்கப்பட்டன. அது மாபெரும் எண்களைப் பெருக்கும்போது தசமங்களைக் கொண்டே பெருக்கும். ஆயினும் கிடைக்கும் ஒவ்வொரு விடையும் ஒரு முழு எண்ணுக்கு மிக அண்மையில் நிற்றல் வேண்டும். 0.4க்கு மேல் விலகி நின்றால் எங்கோ பிழை நேர்ந்தது என அது அறிவித்துவிடும். அதன் சோதனைப் பகுதியோ, முன்பே அறியப்பட்ட விடைகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. அரை மணிநேரம் தாங்கிய கணினி ஆறாம் மணியில் பிழைப்பதுண்டாதலின், ஓர் இரவு முழுதும் ஓடவிடுவதே வழக்கம். நினைவகத்திற்கென ‘மெம்ரெஸ்ற்86’ போன்ற தனிச் சோதனைகள் உள. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், வன்பொருட் பிழை நேர்ந்து திருத்தப்பட்டது என்ற குறிப்பு தென்படுமாயின், கணினி விழாதபோதும் அதனை முதல் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும்.

திரையில் வரும் செய்தியை அப்படியே நம்பலாகாது என்பதற்கு, மைக்ரோசொப்ற் நிறுவனப் பொறியியலாளர் றேமண்ட் சென் 2005இல் எழுதிய நிகழ்ச்சி சான்றாகும். அந்நிறுவனத்துக்கு வந்த பழுது அறிக்கைகள் சிலவற்றில், ஓர் இடத்தைப் பூச்சியமாக்கும் மிக எளிய கட்டளையிலேயே கணினி விழுந்திருந்தது. அக்கட்டளை தோல்வியுற வழியே இல்லை. உரியவர்களை விசாரித்தபோது, பல கணினிகள் மிகைவேகத்தில் ஓடுவது தெரியவந்தது. அவர்களுட் சிலர் அதனை அறியாதோர். கடையில் வாங்கும்போதே வேகம் கூட்டப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் கணினிகளின் அறிக்கைகளை ஆராய்ந்தனர். மிகைவேகக் கணினிகள் கூடுதலாக விழுந்தன என்பதில் வியப்பில்லை. விதித்த வேகத்திலும் குறைவாக ஓடியவை, விதித்த வேகத்தில் ஓடியவற்றைக் காட்டிலும் நம்பத்தக்கனவாயிருந்தன என்பதே கவனிக்கத்தக்கது.

ஆகவே பழுதைத் தேடுவோர் முதலில் செய்யவேண்டியது, அரிய கோப்புகளை வேறொரு தட்டில் பிரதிசெய்து வைத்தலாம். அடுத்து, எல்லா அமைப்புகளையும் தயாரித்தோர் விதித்த நிலைக்கு மீட்டு, அதே சோதனையை ஓட்டிப் பார்க்கவேண்டும். பிழை மறைந்தால் குற்றம் கூட்டிய வேகத்தினது. பின்னர் முறைவழியாக்கியை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அது முடிந்த பின்னரே நினைவகம். இரண்டையும் ஒருங்கே மாற்றுவோர் எது பிழைத்தது என அறியார். பிழை கண்ட போதெல்லாம் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது சோம்பேறி வைத்தியம். மிகுந்த மின்னழுத்தமும் வெப்பமும் சிலிக்கனை முதுமையடையச் செய்வன. இவ்வாண்டு உறுதியாக நின்ற வேகம் இரண்டாண்டில் தளர்வதும் அதனாலேயே.

விதித்த நிலைக்கு மீட்ட பின்னும் பிழை மறையாவிடின் என் செய்வது? விதித்த வேகமே மிகையாயிருத்தலும் கூடும். 2000ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 1.13 கிகாஹேட்ஸ் பென்ரியம் 3, லினக்ஸின் கருவைத் தொகுக்கும் வேலையை முடிக்காமல் இடறியதை வெளி ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, ஓகஸ்ட் மாதத்தில் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. அந்நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி முறைவழியாக்கிகளுக்கும் இதையொத்த இடர் நேர்ந்தது. விளையாட்டுச் செய்நிரல்கள் தொடங்குகையில், சுருக்கிவைத்த தரவை விரிக்கும் கணக்கில் முறைவழியாக்கி பிழைத்தது. திரையிலோ வரைபட அட்டையின் நினைவகம் போதாது என்ற செய்தி தோன்றியது. நலமாயிருந்த வரைபட அட்டைகளைப் பலர் ஐயுற்றனர். முறைவழியாக்கி தேவைக்கு மேலான மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுவந்ததே காரணம் என 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நிறுவனம் அறிவித்து, அடுத்த மாதம் திருத்தத்தையும் வெளியிட்டது. அத்திருத்தம் மேலும் கேடு நேராமற் காப்பது. முன்னரே பழுதுற்ற முறைவழியாக்கியை அது குணப்படுத்தாது. அதனை மாற்றிப் பெறுவதே வழியாதலால், உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீடிக்கப்பட்டது.