கிறிஸ்துமஸ் வாரத்தில் வெளிநாட்டில் இறங்குகிறீர்களா?

டிசம்பர் பாதி கடந்துவிட்டால் வடசென்னையின் ராயபுரம், காசிமேடு பக்கம் ராத்திரிகள் நீண்டுவிடும். வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். கேரல் பாடுகிறவர்கள் கிதார், டிரம்ஸோடு சந்து சந்தாக வருவார்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் 24ஆம் தேதி ராத்திரி வரை கூட்டம் குறையாது. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து படுத்தால், விடிந்ததும் கறிக்கடையில் வரிசை. மதியம் பிரியாணியும் கேக்கும் எந்த மதம் என்று பார்க்காமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கும் அது பண்டிகைதான்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் லண்டனுக்கோ பெர்லினுக்கோ போய் இறங்கினால் முதல் கிறிஸ்துமஸில் திகைத்துப் போவார்கள். படத்தில் பார்த்த விளக்கு அலங்காரமெல்லாம் இருக்கும். ஆனால் 25ஆம் தேதி தெருவில் ஆள் இருக்காது. கடை இருக்காது, ஊரைப் பொறுத்து பஸ்ஸும் இருக்காது. நம் ஊரில் கிறிஸ்துமஸ் தெருவில் நடக்கிறது, அங்கே கதவுக்குள் நடக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் அந்த வாரத்தை எப்படிக் கடப்பது என்பது தானாக விளங்கிவிடும்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஜனவரியில் ஒரு சேர்க்கை உண்டு. அதற்காக டிசம்பர் கடைசியில் விமானம் ஏறும் பிள்ளைகள் வடசென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களையும், முதல் முறை வேலைக்குப் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இந்த விளக்கம்.

எந்தெந்த நாள் என்ன மூடியிருக்கும்?

பிரிட்டனில் டிசம்பர் 25, 26, ஜனவரி 1 மூன்றும் பொது விடுமுறை. ஸ்காட்லாந்தில் ஜனவரி 2-உம் சேரும். இவை சனி, ஞாயிறில் வந்தால் அடுத்த வேலை நாளில் ஈட்டு விடுமுறை கொடுப்பார்கள். 25ஆம் தேதி லண்டனில் சுரங்க ரயிலும் கிடையாது, மாநகரப் பேருந்தும் கிடையாது. நாடு முழுக்க ரயில் ஓட்டமும் ஏறக்குறைய நின்றுவிடும். அன்றைக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, ஹீத்ரோவிலிருந்து அறைக்குப் போக டாக்சிக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்க நேரலாம். 25ஆம் தேதி தரையிறங்குவதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சிறிய கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே தெருமுனைக் கடை ஒன்றிரண்டு திறந்திருக்கக்கூடும். அதை நம்பிக்கொண்டு இருக்காமல், 23ஆம் தேதிக்குள் அரிசி, பருப்பு, முட்டை, பால், ரொட்டி என்று நாலு நாளுக்கு வாங்கி வைத்துவிடுவது நல்லது.

ஜெர்மனியில் 24ஆம் தேதியே மதியம் 2 மணிக்குள் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் முழு விடுமுறை. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் கடை கிடையாது. காலண்டரில் ஞாயிறு ஒட்டி வந்தால் தொடர்ந்து மூன்று நாள் கடை இல்லாமல் போகும். ரயில்கள் மட்டும் ஓடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25, 26 இரண்டும் விடுமுறை. டொரான்டோவில் 25ஆம் தேதியும் பேருந்து, சுரங்க ரயில் உண்டு. ஆனால் காலையில் தாமதமாகத்தான் தொடங்கும், எண்ணிக்கையும் குறைவு. துபாய், அபுதாபியில் கதையே வேறு. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறை இல்லை. எல்லாம் திறந்திருக்கும், லீவு கிடைப்பதுதான் சிரமம். வேலையில் சேர்ந்த உடனேயே மேலாளரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அலுவலக வேலைகளில் எது முதலில்?

அந்த இரண்டு வாரமும் அலுவலகங்களில் ஆள் குறைவு. பல்கலைக்கழக அலுவலகம், வீட்டுத் தரகர், வங்கி, நகராட்சி எல்லாம் மெதுவாக நகரும். 'ஜனவரியில் வாருங்கள்' என்ற பதிலுக்குத் தயாராக இருங்கள்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இப்போது குடியேற்ற நிலைக்கான சான்று மின்வடிவில்தான். அதற்கான இணையக் கணக்கை ஊரிலேயே திறந்து, உள்ளே போய்ப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேலை தருகிறவரும் இங்கிலாந்தில் வீடு தருகிறவரும் அதிலிருந்து எடுத்த குறியீட்டு எண்ணைத்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சமாளிக்க ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

வீடு விஷயத்தில் அவசரம் கூடாது. விடுமுறையில் ஆள் கிடைக்காது, சாவி தபாலில் வரும், முன்பணம் மட்டும் இன்றே போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். முதல் சில நாளுக்குத் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, ஜனவரியில் நிதானமாக வீடு தேடலாம்.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. விடுமுறை நெரிசலில் முன்பதிவு கிடைப்பது கடினம் என்பதால், போய் இறங்கிய அன்றே இணையத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

உடம்புக்கு வந்தால்?

நம் ஊரில் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடலாம். பிரிட்டனில் முதலில் வசிக்கும் பகுதி மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பொது விடுமுறை நாள்களில் அந்த மருத்துவமனைகள் மூடியிருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லைக்கு 111, ஆபத்துக்கு 999. ஜெர்மனியில் மருத்துவ ஆலோசனைக்கு 116117, அவசரத்துக்கு 112. கனடாவில் 911. தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால், மருத்துவரின் சீட்டோடு ஜனவரி பாதிவரை வரும் அளவுக்குக் கொண்டுபோங்கள்.

குளிரைவிட இருட்டுதான் பலரை அசைத்துவிடுகிறது. டிசம்பர் கடைசியில் லண்டனில் காலை 8 மணிக்கு மேல்தான் விடியும், மாலை 4 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். எண்ணூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது புதிது. மத்தியானத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் பொதுச் சுகாதாரத் துறை எல்லோருக்குமே சொல்கிறது. குளிருகிறதே என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டாதீர்கள். வாசனையில்லாத நச்சுப்புகை உயிரை எடுத்துவிடும்.

கருவாடு கொண்டுபோகலாமா?

காசிமேட்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் சொந்த உபயோகத்துக்காக, பக்குவப்படுத்திய மீனை 20 கிலோவரை கொண்டுபோக விதி இடம் தருகிறது. இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளானாலும் விமான நிலையப் படிவத்தில் குறிப்பிட்டாக வேண்டும். மறைத்தால் அபராதம் கடுமையாக இருக்கும். எந்த நாடானாலும் கருவாட்டை மூன்று சுற்று கவரில் போட்டு இறுக்கக் கட்டாவிட்டால் பெட்டியிலுள்ள அத்தனை துணியும் நாறிவிடும்.

பழகும் முறை

சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. பண்டிகை நாளில் அறவே இல்லை. அழைத்தால் சொன்ன நேரத்துக்குப் போங்கள், கையில் ஒரு சின்னப் பொருள் இருக்கட்டும். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்து பெரும்பாலும் பிற்பகலில். மாட்டிறைச்சி, பன்றி, மது எது வேண்டாமோ அதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டார் கதவிடுக்கில் வாழ்த்து அட்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஒன்று போடுங்கள். அறிமுகம் அங்கிருந்துதான் தொடங்கும்.

அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்வார்கள். ஒரு தொகை சொல்வார்கள், அதைத் தாண்டிச் செலவு செய்தால் வாங்குகிறவருக்குத்தான் சங்கடம்.

பெரும்பாலான தேவாலயங்களுக்குப் போகச் சீட்டு எதுவும் வேண்டாம். விசுவாசம் இல்லாதவர்களையும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் லண்டனில் 24ஆம் தேதி மாலையே போக்குவரத்து குறையத் தொடங்கிவிடும். நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆலயமாகப் பாருங்கள். துபாய் புனித மரியாள் ஆலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு. லண்டன், டொரான்டோவிலும் ஈழத் தமிழர்கள் கூடி நடத்தும் தமிழ் வழிபாடுகள் நடக்கின்றன. நம் ஊர் நள்ளிரவுப் பூசையை இணையத்தில் பார்க்க நினைத்தால் லண்டனில் 24ஆம் தேதி மாலை 6.30, பெர்லினில் 7.30, டொரான்டோவில் பிற்பகல் 1.30, மெல்போர்னில் 25ஆம் தேதி விடிகாலை 5.30.

மறுநாள் 26. பிரிட்டனிலும் கனடாவிலும் அது தள்ளுபடி விற்பனை நாள். நம் கடற்கரைக்கு அது 2004 சுனாமி நாள். காசிமேட்டில் கடலில் பூத்தூவிப் பால் ஊற்றுவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு போன் போடுவது நல்லது.

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

துறைமுகத்தில் கப்பல் நின்றால், வேலை இடம்கொடுக்கும் வரை மாலுமிகளைக் கரைக்கு விட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. ஸ்டெல்லா மாரிஸ், மிஷன் டு சீஃபேரர்ஸ் என்னும் இரண்டு அமைப்புகள் உலகின் பல துறைமுகங்களில் மாலுமிகளுக்கு உதவுகின்றன. வீட்டோடு பேச வழி, நகரத்துக்குப் போக வண்டி, பண்டிகைக்குச் சின்னப் பரிசு என்று மத பேதமில்லாமல் கிடைக்கும். கூச்சப்படாமல் கேட்டுப் பெறலாம்.

ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ இந்த மாதம் புதிதாக வந்த நம்மூர்ப் பிள்ளை ஒருவராவது இருப்பார். 25ஆம் தேதி பஸ் ஓடாமல் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. முன்கூட்டியே சொல்லி, காரில் போய் அழைத்து வந்து, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.