வீட்டை எழுதி வைப்பதற்கு முன்

பெற்றோர் தங்கள் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்குச் சேர்க்கத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வகைப் பத்திரங்களை எழுதுகிறார்கள். ஒன்று உயில், மற்றொன்று தான செட்டில்மென்ட். எதை எழுதினாலும் ‘பையன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார்’ என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் விளைவில் இரண்டும் எதிரெதிரானவை. உயில், எழுதியவர் இறந்த பிறகே உயிர் பெறும். அதுவரை சொத்து அவருடையதுதான். விற்கலாம், அடகு வைக்கலாம், உயிலைக் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். எழுதிக் கொடுத்தவர் மனம் மாறினால் தாமாக அதை ரத்து செய்ய முடியாது. முதுமையில் சொந்த வீட்டிலேயே ஒண்டிக் குடித்தனம் இருக்க நேர்ந்த பலரின் துயரம் இந்த வேறுபாடு புரியாமல் போட்ட கையெழுத்தில்தான் தொடங்குகிறது.

எதுவுமே எழுதாமல் இறந்தால், இந்துக் குடும்பங்களில் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பங்கைத் தீர்மானிக்கிறது. ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் ஆகியோருக்குச் சம பங்கு. தாய்க்குப் பங்கு உண்டு என்பது பல வீடுகளில் மறக்கப்படுகிறது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் பெயரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை உண்டு. மணமாகாத மகள்களுக்கு இந்த உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பெண்ணின் சொத்துக்கான வரிசை வேறு, கொடுமையானதும்கூட. குழந்தையில்லாத விதவை தன் உழைப்பில் சேர்த்தது, உயில் இல்லாவிட்டால், கணவனின் வாரிசுகளுக்கே போகும். மணமான சில மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டின் துணையோடு படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பைக் கணவனுடைய சகோதரியின் மகன்களுக்கே 2009இல் உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அவர் ஒரே ஒரு தாளில் உயில் எழுதியிருந்தால் போதும், அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

உயில் எழுதுவது செலவு பிடிக்காத காரியம். முத்திரைத்தாள் வேண்டாம்; வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் தெளிந்த மனநிலையில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். அதைப் பார்த்த குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்காமலிருப்பது நல்லது. சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருப்பது அதைவிட முக்கியம்: உயில் நீதிமன்றத்துக்குப் போனால் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளில் ஒருவரை விட்டுவிட்டு எழுதினால் அதற்கான காரணத்தை உயிலிலேயே சொல்லிவிடுவது பிற்காலச் சந்தேகங்களைக் குறைக்கும். பூர்வீகச் சொத்தில் தம் பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். முஸ்லிம்கள் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது.

செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், கொடுப்பவர் தமக்கும் தம் துணைக்கும் ஆயுள்காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு எழுதலாம். ‘கடைசிவரை உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும்’ என்ற வரியையும் சேர்க்கலாம். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று பலர் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை; 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இந்த வரியை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், அது ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெற்றதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் கேட்டால் ரத்தாகும். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு நிபந்தனை இருந்ததாக நிறுவாமல் ரத்து கேட்க முடியாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், மகன் அதே நாளில் தனியாக எழுதிக் கொடுத்த வாக்குறுதிப் பத்திரத்தை ஏற்று, முதியோருக்குச் சாதகமாகவே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில், ‘அன்பும் பாசமும் காரணமாக’ என்று எழுதிய பத்திரத்திலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. ஆனாலும் தீர்ப்புகளை நம்பி வரியை விடுவதைவிட, பத்திரம் எழுதும்போதே சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

புகாரைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். அறுபது வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் ஜீவனாம்சம் கேட்டால் வயது பார்ப்பதில்லை. வெள்ளைத் தாளில் எழுதிய மனுவே போதும். ஜீவனாம்ச மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். 30 நாள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர முடியும். பிள்ளையில்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது நாளை அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். தீர்ப்பாயத்தின் முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே என்று நினைப்பது தவறு. நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம் என்றாலும் இந்த நிலை மாறவில்லை.

தம் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் எப்போதும் செல்லும் என்பதும் இதே மாதிரி ஒரு தவறான நம்பிக்கை. கொடுத்தவர் இறந்தாலோ, மறதி நோய் முற்றி மனத்தெளிவை இழந்தாலோ அது முடிந்துவிடும்; மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது செல்லாது. அதன் பிறகு குடும்பத்தார் பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சொத்துக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும் முன்னேற்பாடு உண்டு. உடல் தேறும் வாய்ப்பே இல்லாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொடக்கத்தில் குற்றவியல் நடுவர் கையொப்பம் தேவைப்பட்டது. 2023இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றாக்கினார்கள். தாம் பேச முடியாதபோது முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரையோ பலரையோ அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஒரு பிரதி அவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் இருந்தால்தான் ஆபத்து வேளையில் அது கைக்குக் கிடைக்கும்.