எண்ணெயில் நீந்தும் மை

ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் முதலில் உருவாகும் படம் கண்ணுக்குத் தெரியாது. மின்னூட்டப்பட்ட உருளையில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மின்னூட்டம் வடிந்துவிடும். எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கி நிற்கும். அங்கே எதிர் மின்னூட்டமுள்ள தூள் ஒட்டினால்தான் எழுத்து தெரியும். 1938-இல் நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டியது இதுதான்.

தூளில் ஒரு தொல்லை. எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டுமானால் துகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரிரு மைக்ரான் அளவுக்குப் பொடித்தால் அது காற்றில் பறந்து இயந்திரமெங்கும் படியும், நம் மூச்சிலும் ஏறும். திரவத்தில் கலந்துவிட்டால் பறக்காதுதான். ஆனால் தண்ணீர் உதவாது. பட்டவுடன் மின்னூட்டம் கசிந்து, படமே அழிந்துவிடும். மின்சாரத்தைக் கடத்தாத எண்ணெய் வேண்டும். ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த கென் மெட்கால்ஃப் 1955-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வழியை உலகுக்குச் சொன்னது.

கடத்தாத எண்ணெயில் துகளுக்கு மின்னூட்டம் எப்படி வரும்? இந்த நுட்பத்தின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. எண்ணெயில் நேர், எதிர் மின்னூட்டங்களைப் பிரித்தாலும் அவை உடனே ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்துகொள்ளும். அதைத் தடுக்க ஒரு துணைப்பொருள் சேர்ப்பார்கள். சோயாவில் கிடைக்கும் லெசித்தினும் இதற்குப் பயன்பட்டிருக்கிறது. அதன் மூலக்கூறுகள் கொத்தாகக் கூடி ஒருவகை மின்னூட்டத்தைப் பொதிந்து வைத்துக்கொள்ள, மற்றது துகளின் மேல் தங்கிவிடும். பிறகு மின்புலம் இழுக்கும் பக்கம் துகள் நீந்திப் போகும். உருளையில் மின்னூட்டம் மிகுந்த இடத்தில் மை அடர்த்தியாகப் படியும். குறைந்த இடத்தில் மெலிதாகப் படியும்.

1970-களில் திரவ மை ஜெராக்ஸ் இயந்திரங்கள் அலுவலகங்களில் நன்றாகவே ஓடின. ஆனாலும் ஈரத்தாளும் எண்ணெய் வாடையும் யாருக்குப் பிடிக்கும்? உலர் தூள் மேம்பட்டதும் திரவம் பின்வாங்கியது, நியாயமான தோல்விதான்.

அதைத் தூக்கி நிறுத்தியவர் பென்னி லாண்டா. இஸ்ரேலில் அவர் தொடங்கிய இண்டிகோ நிறுவனம் 1993-இல் திரவ மை கொண்ட டிஜிட்டல் வண்ண அச்சு இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதில் மை நேராகத் தாளுக்குப் போவதில்லை. சூடான ரப்பர் போர்வையில் ஏறி, அங்கே எண்ணெய் ஆவியாகி, துகள்கள் உருகிப் படலமாகி, பிறகே முழுதாகத் தாளுக்கு மாறும். பிற்பாடு எச்பி அந்நிறுவனத்தை வாங்கியது. ஆல்பங்களும் லேபிள்களும் இன்று இம்முறையில் அச்சாகின்றன. மைப்படலம் அவ்வளவு மெல்லியது என்பதால், தாளின் இயல்பான பளபளப்பு அதன் ஊடே அப்படியே தெரியும்.